ஓரத்தில் நின்ற ஊசி

வியாழக்கிழமை காலை பத்தரை மணி வரைக்கும் நிகத்துக்கு இருந்த ஒரே கவலை, வரைபடம் பார்க்க அழகாக இருக்க வேண்டுமே என்பதுதான்.

முடிச்சூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி. தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் நூற்றுச் சொச்சம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்டுகளை அது பார்த்துக்கொண்டது. நிகத் அங்கே சேர்ந்து பதினாலு மாதம். புள்ளியியல் படித்தவள். மெக்கானிக்குகள் லிஃப்டைச் சோதித்துவிட்டுச் செல்போனில் பதிந்து அனுப்பும் அளவுகளைத் திரட்டி, மாதாமாதம் சராசரி எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. சராசரிக்கு மேல் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

மறுநாள் குடியிருப்புச் சங்கங்களின் செயலாளர்களை வரவழைத்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு கூட்டம். மேனேஜர் ஷ்யாம்சுந்தர் அவளைக் கூப்பிட்டு, "ஒரே ஒரு சார்ட் போதும் நிகத். பார்த்த உடனே மனசுல ஒரு நம்பிக்கை வரணும்" என்று சொல்லியிருந்தார்.

எடுத்துக்கொண்டது லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிறு. புதுக் கயிறு பதின்மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஓட ஓடத் தேயும். பன்னிரண்டு புள்ளி இரண்டுக்குக் கீழே போனால் மாற்றியே ஆகவேண்டும். படத்தில் இடமிருந்து வலமாகக் கயிற்றின் வயது முழு வருடங்களில், கீழிருந்து மேலாக அதன் தடிமன். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நீலப் புள்ளி. மாற்ற வேண்டிய அளவில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. எல்லாப் புள்ளிகளும் கோட்டுக்கு மேலேயே நின்றன. ஷ்யாம்சுந்தர் கேட்ட நம்பிக்கை வந்துவிட்டது.

ஆனாலும் படம் கொஞ்சம் மொட்டையாக இருப்பதுபோல் பட்டது அவளுக்கு. முந்தின வாரம்தான் ஒரு புது வசதியைக் கற்றிருந்தாள். வரைபடத்தின் மேல் ஓரத்திலும் வலது ஓரத்திலும் சின்னதாக இரண்டு பக்கப்படங்களை ஒட்டிக் கொடுக்கும் மென்பொருள் அது. நடுப்படத்தில் புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரியும். எந்த அளவில் எத்தனை புள்ளி சேர்ந்திருக்கிறது என்பது ஓரப்படத்தில் கம்பம் கம்பமாகத் தெரியும். ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எழுதினாள். பொத்தானை அழுத்தினாள்.

மேல் ஓரத்தில் கம்பங்கள் ஏறி இறங்கி ஒழுங்காக வந்தன. வலது ஓரத்தில் அப்படி வரவில்லை. தேய்மானம் என்பது ஒரு சின்னக் குன்றுபோல மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். இங்கே குன்றின் நடுவிலிருந்து ஒற்றைக் கம்பம் ஒன்று ஊசிபோல நீட்டிக்கொண்டு, படத்தின் விளிம்புவரை போய் முட்டியது. அது நின்ற இடம் பன்னிரண்டு புள்ளி நான்கு. சிவப்புக் கோட்டுக்குச் சற்றே மேலே.

தான்தான் எதையோ தப்பாக எழுதிவிட்டோம் என்று நினைத்தாள். கம்பத்தின் அகலத்தை மாற்றிப் பார்த்தாள். கம்பங்களுக்குப் பதில் வளைகோடு போடச் சொன்னாள். என்ன செய்தாலும் ஊசி அசையவில்லை. நடுப்படத்தில் அந்த இடத்தில் சாதாரணமாகச் சில புள்ளிகளே தெரிந்தன. தோசைமேல் தோசை அடுக்கியதுபோல, ஒவ்வொரு புள்ளிக்கடியிலும் வேறு பல புள்ளிகள் ஒளிந்திருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த அளவுள்ள வரிகளை மட்டும் தனியே பட்டியலாக எடுத்தாள். நூற்று இருபத்து நான்கு வரிகள். முப்பத்தொரு லிஃப்டுகள், நான்கு மாதம். நான்கு மாதமும் கயிறு இம்மியும் தேயவில்லை. பதிந்தது எல்லாமே ஏசுபாதம் என்ற மெக்கானிக்கின் பெயரில். பதிந்த நாள், ஒவ்வொரு மாதமும் கடைசித் தேதி. தாம்பரத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவே முப்பத்தொரு கட்டடங்களை ஒரே ஆள் ஒரே நாளில் ஏறி இறங்கிச் சோதித்திருக்கிறார்.

பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் பதினேழாவது வரியில் நின்றாள். பீர்க்கன்கரணை, ஏரிக்கரைத் தெரு, பி பிளாக்.

அவள் வீடு. ஐந்தாவது மாடி.

வீட்டில் தங்கை சபீஹா இருந்தாள். ஏழு மாதம். பிறந்த வீட்டில் அம்மா இல்லை என்பதால் தலைப்பிரசவத்துக்கு அக்காவிடம் வந்திருந்தாள். இன்றைக்குப் பன்னிரண்டரை மணிக்கு ஸ்கேன். ஆட்டோ வந்ததும் கிளம்புகிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

மணி பதினொன்று இருபது.

திரையில் இருந்த பட்டியலையும் படத்தையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். சபீஹாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. தன் கணவன் சாஹிலுக்கு ஒரகடத்தில் வேலை. ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிடுவான். ஏசுபாதத்தின் எண் இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"இன்னாம்மா, ஆபீஸ்லேர்ந்து என்னெயெல்லாம் ஞாபகம் வெச்சி கூப்டுற?"

"அண்ணா, போன மாசக் கடைசில நீங்க எத்தனை லிஃப்ட் செக் பண்ணீங்க?"

"போன மாசமா? ரெண்டாம் மாசத்துலயே வண்டிலேர்ந்து வுய்ந்து காலு ஒடிஞ்சி வூட்ல குந்திகினு கீறேன். மேனேஜருக்குத் தெரியுமே. பாஸ்வேர்டு கேட்டாரு, குட்த்தேன். இன்னா விசயம்?"

"பீர்க்கன்கரணை ஏரிக்கரை, பி பிளாக். அந்த லிஃப்ட் எப்படிண்ணா இருந்துச்சு?"

"அத்த நான் ஜனவரிலயே பேப்பர்ல எய்தி மேனேஜருக்கு அனுப்ச்சேனே. மூணு கயிறு. ஒண்ணுல கம்பி அறுந்து முள்ளு முள்ளா நிக்கிது. இன்னொண்ணும் தேஞ்சி போச்சு. வுய்ந்தா கீய புடிக்கிற பிரேக்கும் துரு ஏறி ஒட்டிகினு கீது. லிஃப்ட நிறுத்துங்க, கயிற மாத்துங்கன்னு சொன்னேன். இன்னும் மாத்தலயா?"

"என் தங்கச்சி அந்த பில்டிங்லதாண்ணா இருக்கா."

"எம்மா, மொதல்ல வூட்டுக்கு ஓடு."

கைப்பையை எடுக்க உள்ளே ஓடினாள். அவள் மேசையருகே ஷ்யாம்சுந்தர் நின்றுகொண்டிருந்தார். குனிந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்ததைக் கண்டும் நிமிரவில்லை.

"சார்ட் நல்லா வந்திருக்கு. இந்த சைடுல இருக்கறது மட்டும் வேண்டாம்மா. எடுத்துடு."

"சார், அதுல நூத்து இருபத்துநாலு ரீடிங் ஒரே மாதிரி..."

"நடுவுல எல்லாம் கோட்டுக்கு மேலதானே இருக்கு?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன? ஓரத்துல என்ன இருக்குன்னு யார் கேட்டா?" குரலை அவர் உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "உன் வீடு பீர்க்கன்கரணைலதானே? ஏரிக்கரை? நல்ல பில்டிங். அங்க நாமதான் சர்வீஸ்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். அது எச்சரிக்கையா, வெறும் பேச்சா என்று அவளுக்கு விளங்கவில்லை. கணினியின் சுட்டி அவர் கையில் இருந்தது. ஓரப்படங்கள் இரண்டும் அவள் கண்ணெதிரே திரையிலிருந்து மறைந்தன. மிச்சம் இருந்தது நீலப் புள்ளிகளும் சிவப்புக் கோடும் மட்டுமே.

"எனக்கு உடம்பு சரியில்ல சார்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஸ்கூட்டரைக் கிளப்பினாள். முடிச்சூர் ரோட்டில் வழக்கமான நெரிசல். ஒரு தண்ணீர் லாரி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவில் கண்ணாடி உரச வண்டியை நுழைத்தாள். பெருங்களத்தூர் மேம்பாலத்துக்குக் கீழே நிறுத்தி மறுபடி கூப்பிட்டாள். சபீஹா எடுக்கவில்லை. வாட்ச்மேன் சாம்பசிவனைக் கூப்பிட்டாள். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது குரல். திரும்பவும் அதே குரல். யாரோ அவரிடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். யா அல்லாஹ், அவள் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும், குளித்துக்கொண்டிருக்க வேண்டும், போனைச் சமையலறையில் வைத்துவிட்டு மறந்திருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

பி பிளாக் வாசலில் ஓர் ஆட்டோ காத்துக்கொண்டிருந்தது. டிரைவரைக் காணவில்லை. உள்ளே மாடிப்படியில் பலபேர் மேலே பார்த்துப் பேசும் சத்தம்.

"லிஃப்ட் நின்னு போச்சும்மா, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல" என்று சாம்பசிவன் ஓடிவந்தார். "உன் தங்கச்சிதான் உள்ள இருக்கு. இவ்ளோ நேரம் போன்ல செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டிருந்தேன். நல்லாத்தான் பேசுது. பயப்படாத."

நான்காவது மாடிக்கு எப்படி ஏறினாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அங்கே ஏழெட்டுப் பேர். லிஃப்டின் வெளிக்கதவை யாரோ நெம்பித் திறந்து, இடையில் ஒரு மரக்கட்டையைச் செருகியிருந்தார்கள். லிஃப்டுப் பெட்டி பாதி கீழே நின்றது. மேல்பாதி மட்டும் தெரிந்தது. அதற்குள்ளிருந்து சபீஹா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுக்காடு கழுத்தில் கிடந்தது. முகம் வேர்த்து வெளுத்திருந்தது.

"அக்கா!"

"இதோ வந்துட்டேன்டா. வலி ஏதாவது இருக்கா?"

"இல்ல. ஒரு குலுக்கு குலுக்கிட்டு நின்னுச்சு. போனை வீட்டுலயே மறந்துட்டேன். மேல என்னமோ சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு அக்கா."

சங்கச் செயலாளர் அனந்தகிருஷ்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடிக்காரர். நல்ல மனிதர். "நாலு அடிதான் கேப். நானும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சுத் தூக்கிடறோம். ஒரே நிமிஷம். நீ கொஞ்சம் நகரும்மா."

நிகத் நகரவில்லை. போனில் ஏசுபாதத்தைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள். நிலைமையைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கத்தினார்.

"இஸ்க்கவே கூடாது! யாரும் கைய நீட்டாதீங்க! பாதி ஒடம்பு வெளிய வரசொல்ல பெட்டி எறங்கிச்சின்னா அவ்ளோதான். மெயின் சுச்ச ஆஃப் பண்ணு. மொட்ட மாடி மோட்டார் ரூம்ல கீது. பொண்ண மூலையில தரையில குந்த சொல்லு. நூத்தி ஒண்ணுக்கு அடி. அவங்க வந்து பெட்டியக் கட்டிட்டுத்தான் தொறக்கணும்."

சாம்பசிவன் மொட்டை மாடிக்கு ஓடினார். நிகத் தீயணைப்பு நிலையத்துக்கு அடித்து இடத்தைச் சொன்னாள். ஆனால் அனந்தகிருஷ்ணனுக்கு மனம் ஒப்பவில்லை.

"அவங்க தாம்பரத்துலேர்ந்து வர்றதுக்குள்ள இந்தப் பொண்ணு மயங்கி விழுந்துடும். உள்ள காத்தே இல்ல. போன மாசம்தானே செக் பண்ணி, கயிறு நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் அனுப்பினாங்க? உங்க கம்பெனிதானேம்மா?"

"அந்த ரிப்போர்ட் பொய் சார்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"யாரும் வந்து பார்க்கவே இல்ல. ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதியிருக்காங்க. இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரிஞ்சது. தயவுசெஞ்சு தொடாதீங்க சார்."

"அக்கா, என்னைத் தூக்கிடச் சொல்லு அக்கா" என்று உள்ளிருந்து சபீஹா அழ ஆரம்பித்தாள். "என்னால முடியல. தூக்கிடச் சொல்லு."

நிகத் வாழ்க்கையில் தங்கை அழுது கேட்டு எதையும் மறுத்தது கிடையாது. கூடியிருந்தவர்கள் முகத்தில் கோபம் தெரிந்தது. ஒரு பெண்மணி, "சொந்தத் தங்கச்சிய இப்படி விடுவாளா ஒருத்தி?" என்று காதுபடவே சொன்னாள். ஒருவேளை தான் நினைப்பது தப்பாக இருந்தால்? ஒரு படத்தின் ஓரத்தில் இருந்த கம்பத்தையும், போனில் கேட்ட ஒரு குரலையும் நம்பி, தங்கையை மூச்சுமுட்ட உள்ளே வைத்திருக்கிறோமோ? அந்த எண்ணம் மற்ற எல்லாப் பயத்தையும்விடக் கொடியதாக இருந்தது. ஆனாலும் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"சபீ, என்னைப் பாரு. மூலையில உட்காரு. முட்டியை மடக்கி உட்காரு. நான் இங்கேயேதான் இருக்கேன்."

"நீ பேசாத. நீ ஒண்ணும் பேசாத" என்றாள் சபீஹா. ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

அனந்தகிருஷ்ணன் பொறுமையிழந்து நிகத்தின் தோளைத் தாண்டிக் கையை உள்ளே நீட்டினார். "கையைக் குடும்மா, நான் பார்த்துக்கறேன்..."

அப்போது மேலே, இருட்டுக்குள், சாட்டையைச் சுண்டியதுபோல ஒரு சத்தம். பெட்டி ஒரு முழம் கீழே இறங்கிக் குலுங்கி நின்றது. அனந்தகிருஷ்ணன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சபீஹாவின் அலறல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அனந்தகிருஷ்ணன் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

தீயணைப்பு வண்டி வர இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. நிகத் தரையில் குப்புறப் படுத்து, அந்த இடுக்கின் வழியாகத் தங்கையோடு பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. குழந்தைக்கு வைக்கப்போகும் பெயர், நேற்று மீந்துபோன சேமியா, சின்ன வயதில் சபீஹா ஒளித்துவைத்த ரிப்பன் என்று வாய்க்கு வந்ததெல்லாம். மேலே ஒவ்வொரு முறை கம்பி முறுகும் சத்தம் கேட்டபோதும் அவள் குரல் நின்றது. நின்று, மறுபடி தொடர்ந்தது. கீழிருந்து பதில் வராத நேரங்களில், "சபீ, ம் சொல்லு, ம் மட்டும் சொல்லு" என்று கெஞ்சினாள்.

வந்தவர்கள் முதலில் பெட்டியை, அது ஏறி இறங்கும் இரண்டு பக்கத் தண்டவாளத்தோடும் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். பிறகு மூன்றாவது மாடிக் கதவைத் திறந்து, ஏணி வைத்து, இரண்டு பேர் தாங்கலாகப் பிடித்து சபீஹாவை இறக்கினார்கள். இறங்கியதும் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் வயிற்றுக்குள் குழந்தை உதைப்பது நிகத்தின் உடம்பில் தெரிந்தது. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அதிகாரி, "மூணு கயிறுல ஒண்ணுதான் பாக்கிம்மா" என்று மட்டும் சொன்னார். அறுந்த கயிற்றை அவர் எடுத்திருந்த போட்டோவை நிகத் தன் போனில் வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்து, ஒன்றும் கவலையில்லை என்று டாக்டர் சொன்னபோது மணி இரண்டு. சாஹில் ஒரகடத்திலிருந்து வந்து சேர்ந்தான். வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து நிகத் போனைத் திறந்தாள். ஷ்யாம்சுந்தரிடமிருந்து ஒன்பது அழைப்புகள். அதைத் தள்ளிவிட்டு, காலையில் எடுத்த போட்டோவைத் திறந்தாள். பட்டியலில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரே செயலாளரின் எண் இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். லிஃப்டை உடனே நிறுத்துங்கள், யாரையும் ஏறவிடாதீர்கள். நம்பாதவர்களுக்கு ஓரத்தில் ஊசி நின்ற படத்தையும் அறுந்த கயிற்றின் போட்டோவையும் அனுப்பினாள். நான்கு மணிக்குள், பி பிளாக்கையும் சேர்த்து, முப்பது லிஃப்டுகள் நின்றுவிட்டன. ஒருவர் மட்டும் போனை எடுக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு நான்கு மாடிக் கட்டடம்.

"நான் போய்ட்டு வந்துடறேன்" என்றாள் சாஹிலிடம்.

"நீயா? காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல. நாளைக்கு யாராவது பார்த்துப்பாங்க."

"நாளைக்குள்ள எத்தனை பேர் ஏறி இறங்குவாங்க?"

மின்சார ரயிலில் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தபோது ஷ்யாம்சுந்தர் பத்தாவது முறையாகக் கூப்பிட்டார். இந்த முறை எடுத்தாள்.

"கம்பெனி டேட்டாவை வெளியில குடுத்திருக்க. இது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமா? உன்மேல கேஸ் போடலாம். உன் புருஷன் வேலைக்கும் பிரச்சினை வரும்." அதே தணிந்த குரல்.

அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர் என்று அவள் நம்பினாள். "சார், முப்பத்தொண்ணுல முப்பது நிறுத்தியாச்சு. ஒண்ணு பாக்கி இருக்கு. அங்கதான் போயிட்டிருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தக் கட்டடத்தில் வாட்ச்மேன் இல்லை. தரைத்தளத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். பியூலா என்ற பள்ளி ஆசிரியை வந்து திறந்தார். அரைகுறையாகக் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபேச்சுப் பேசாமல் மீட்டர் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். லிஃப்டு மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு, மூன்று, இரண்டு என்று சிவப்பு எண்கள் மாறுவதை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கதவு திறந்து, காய்கறிப் பையோடு ஒரு முதியவர் வெளியே வந்து அவர்களை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார். பியூலா ஸ்விட்சை இறக்கினார். எண் அணைந்தது. நிகத் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து, அன்றைக்கு முதல்முறையாக அழுதாள்.

அடுத்த வாரம் லிஃப்டுகளைச் சோதிக்கும் அரசு அதிகாரிகள் முப்பத்தொன்றையும் பார்த்தார்கள். பதினோரு லிஃப்டுகளில் கயிறு மாற்றும் அளவுக்கு எப்போதோ தேய்ந்திருந்தது. ஏசுபாதம் ஊன்றுகோலோடு வந்து, ஜனவரியில் தான் எழுதியனுப்பியதைக் காட்டினார். ஷ்யாம்சுந்தர்மீது வழக்கு பதிவானது. ஜாமீனில் வெளியே வந்தார். கம்பெனிக் கதவு பூட்டியே கிடக்கிறது. நிகத் இன்னும் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் சாஹில் எடுக்கட்டும் என்று நீட்டிவிடுகிறாள்.

சபீஹாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பி பிளாக்கில் புதுக் கயிறு போட்டு, புது பிரேக் வைத்து, அதிகாரியின் கையெழுத்தோடு சான்றிதழும் ஒட்டிவிட்டார்கள். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அனந்தகிருஷ்ணன் லிஃப்டின் கதவைத் தானே பிடித்துக்கொண்டு, "ஏறுங்கம்மா, நானே நாலு தடவை போய் வந்து பார்த்துட்டேன்" என்றார். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிகத் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். சபீஹா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாடிக்கு மாடி நின்று இளைப்பாறி, இருவரும் ஐந்து மாடியும் நடந்தே ஏறினார்கள்.